ஃப்ளூ காய்ச்சலுக்கு ஒசெல்டாமிவிர்: எப்போது, எப்படி?

ஐப்பசி மழை பிடித்ததும் எங்கள் மருந்துக் கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். நான் முதலில் கேட்பது, "எப்போ ஆரம்பிச்சது?" என்றுதான். ஃப்ளூவுக்கான மருந்தான ஒசெல்டாமிவிர், ஃப்ளூ வைரஸ் ஒரு செல்லிலிருந்து வெளியேறி அடுத்த செல்லுக்குப் பரவுவதைத் தடுக்கிறது. அதனால் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன்.

எல்லாருக்கும் இது வேண்டாம். திடகாத்திரமான இளவயதுக்காரருக்குப் பாராசிட்டமால், கஞ்சி, ஓய்வு போதும். கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் முதல் நாளே டாக்டரைப் பாருங்கள். டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் தாண்டிவிட்டாலும் இவர்களுக்கு மருந்து பயன்படும், போகாமல் இருந்துவிடாதீர்கள்.

டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் தர முடியாது. இது எச்1 பட்டியல் மருந்து, அதாவது சீட்டு பார்த்து, பதிவு செய்து மட்டும் விற்க வேண்டியது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள். பத்து மாத்திரை உள்ள ஒரு அட்டை சரியாக முடியும். "பாதி அட்டை போதும்" என்பார்கள். நான் பிடிவாதமாக முழுசாகத்தான் கொடுப்பேன். காய்ச்சல் இறங்கினாலும் முடித்துவிடுங்கள். குமட்டல் வரும், சாப்பிட்டபின் போட்டால் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும் என்பதால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. இங்கேதான் ரொம்பக் கவனம் வேண்டும். ஒரு சிரப்பில் ஒரு மில்லியில் 6 மில்லிகிராம் மருந்து இருக்கும், இன்னொன்றில் 12. டாக்டர் 30 மில்லிகிராம் எழுதினால் முதலாவதில் 5 மில்லி, இரண்டாவதில் இரண்டரை மில்லி. ஸ்பூன் வேண்டாம், பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் அந்த மில்லிக் கோடு வரைக்கும் இழுத்துக் கொடுங்கள். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூ, கூடவே கர்ப்பிணியோ வயதானவரோ இருக்கிறார் என்றால், தடுப்புக்காக நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் டாக்டர் எழுதுவதுண்டு. அதுவும் தொற்று பட்ட 2 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். மருந்து எடுக்கும் நாட்களில்தான் அந்தப் பாதுகாப்பு. தடுப்பூசிக்கு இது மாற்று இல்லை. ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். போகும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.