செக்கிங் மேஜைக்குப் புது ஆளைப் பழக்குவது: கையில் துணி, போனில் வினாத்தாள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலைக்கு (தைத்து முடித்த பீஸில் குறை தேடுவது) புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பயிற்சி ஒரே வரிதான்: "அந்த அக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கோ." நாலு நாள் நின்று பார்ப்பார். அக்காவின் கை எங்கே போகிறது என்று தெரியும், கண் எங்கே நிற்கிறது என்று தெரியாது. ஐந்தாம் நாள் தனி மேஜை கொடுத்துவிடுவார்கள்.

போனும் இணையக் கருவிகளும் உதவுவது இந்தக் கண் வேலைக்குத்தான். பீஸை விரிப்பது, உள்பக்கம் திருப்புவது, தையலை இழுத்துப் பார்ப்பதெல்லாம் மேஜையில் பழக வேண்டியவை, திரையில் வராது. ஆனால் "இது டேமேஜ், இது பாஸ்" என்று பிரிக்கும் கண்ணைப் படம் மாற்றி மாற்றிக் காட்டிப் பழக்கலாம். மேஜையில் ஒரு நாள் முழுக்க நின்றாலும் நாலைந்து வகைக் குறைதான் கண்ணில் படும். போனில் ஏழு நிமிடத்தில் ஏழெட்டு வகை பார்த்துவிடலாம்.

ஒரு குறை தவறினால் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே கணக்காகச் சொல்லிவிடுங்கள். 3000 பீஸ் லாட் (சேர்த்துச் சோதிக்கும் தொகுப்பு) ஒன்றுக்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற சர்வதேச மாதிரிச் சோதனை முறையில், பொது நிலை 2 (வழக்கமான சோதனை அளவு), ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5 என்றால் பையரின் (சரக்கு வாங்கும் கம்பெனியின்) ஆள் எடுத்துப் பார்ப்பது 125 பீஸ். 7 குறை வரை லாட் பாஸ். 8 வந்தால் முழு லாட்டும் ஃபெயில், பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். "கவனமா பாரு" என்று பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு கணக்கு மனதில் நிற்கும்.

மேஜைப் பாடம்

1940-களில் போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சித் திட்டம் வந்தது. அதன் நான்கு படிகள் இன்றும் செல்லும்: ஆளைத் தயார் செய்; செய்து காட்டு; செய்ய வை; பிறகு போய்ப் பார்த்துக்கொண்டே இரு. இதற்கு முன்வேலையாக ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன செய்வது, அதில் முக்கியப் பிடி எது, அது ஏன்.

ரவுண்ட் நெக் டி-சர்ட்டில் ஒரு வரி இப்படி இருக்கும். என்ன: பக்கத் தையலை இரு கையாலும் பிடித்து இழு. பிடி: அக்குளில் தையல்கள் சேரும் இடத்தை விரல் வைத்து நிறுத்திப் பார். ஏன்: அங்கே துணி தடிமனாவதால் ஓவர்லாக் மெஷின் ஏறி இறங்கும்போது தையல் விடும், மடிப்பில் கிடப்பதால் இழுக்காமல் பார்த்தால் தெரியாது.

"ஏன்" கட்டத்தைப் பலரும் விட்டுவிடுவார்கள். அதை விட்டால், வேலை நெருக்கும்போது புது ஆள் முதலில் விடுவது அந்தப் பிடியைத்தான்.

பார்க்கும் வரிசையையும் பூட்டிவிடுங்கள்: கழுத்து, வலத் தோள், வலக் கை, வலப் பக்கம், அடி மடிப்பு, இடப் பக்கம், இடக் கை, இடத் தோள், பிறகு உள்பக்கம். வேறு வரிசையும் இருக்கலாம், ஆனால் லைன் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யார் எந்த இடத்தைத் தாண்டிப் போகிறார் என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

படம் சேர்ப்பது

வினாத்தாளின் உயிர் படத்தில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் படங்களை எடுக்காதீர்கள். உங்கள் லைனில் வந்த டேமேஜ் பீஸைத்தான் படம் பிடிக்க வேண்டும். ஆல்டருக்கு (திருத்தித் தைக்க) போகும் கூடையிலிருந்து ஒரு வாரம் ஒதுக்கினால் போதுமான சரக்கு சேரும்: தையல் விட்டது, தையல் பிரிந்தது, ஊசி ஓட்டை, ஆயில் கறை, அடி மடிப்பு முறுக்கு, பிசிறு, லேபிள் சாய்வு.

ஒவ்வொரு குறைக்கும் மூன்று படம். ஒன்று, மேஜையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் முழு பீஸ். இரண்டு, குறையின் அருகில் அளவு டேப் வைத்து நெருக்கமாக. மூன்று, அதே குறை வேறு நிறத் துணியில். ஃபிளாஷ் வேண்டாம், வெள்ளைத் துணியில் ஆயில் கறையை அது அப்படியே விழுங்கிவிடும். வினாவில் தூரப் படத்தை வையுங்கள், விளக்கத்தில் நெருங்கிய படத்தை. நெருங்கிய படத்தையே கேள்வியாக வைத்தால் குறையைத் தேடும் வேலையை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள்.

இதே அளவுக்கு, குறையே இல்லாத பீஸ்களையும் படம் எடுங்கள். பல வினாத்தாள்கள் கெடுவது இங்கேதான். எல்லாப் படத்திலும் டேமேஜ் இருந்தால் ஆள் கற்றுக்கொள்வது "எதையாவது சொல்லிவிட வேண்டும்" என்பதைத்தான். பன்னிரண்டு கேள்வியில் நாலைந்தாவது "குறை இல்லை" என்று இருக்கட்டும்.

ஷேடு (நிறச் சாயல்) வித்தியாசத்தைப் போனில் கற்றுத்தர முயலவே வேண்டாம். ஒவ்வொரு போனின் திரையும் ஒவ்வொரு நிறம் காட்டும். அதற்கு அப்ரூவல் துணித் துண்டும் (பையர் ஒப்புக்கொண்ட நிறம்), டி65 (பகல் வெளிச்சம் போன்ற) விளக்கு போட்ட லைட் பாக்ஸும்தான். துணியின் கனமும் தொடு உணர்வும் அப்படியே.

வினாத்தாள் கட்டுவது

கூகுள் ஃபார்ம்ஸ் போதும், காசு இல்லை. புது ஃபார்ம் திறந்து செட்டிங்ஸில் குவிஸ் என்று மாற்றுங்கள். மதிப்பெண் உடனே தெரியும்படி வையுங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற கட்டுப்பாட்டைப் போட்டால் ஜிமெயில் உள்நுழைவு கேட்கும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதற்குப் பதில் முதல் கேள்வியாக டோக்கன் எண்ணை (கம்பெனியில் ஆளுக்குக் கொடுத்த எண்) கேளுங்கள்.

ஒரு கேள்விக்கு ஒரு படம், நான்கு விடை. தவறான விடைகளும் லைனில் உண்மையாகக் குழம்புபவையாக இருக்க வேண்டும்: ஊசி ஓட்டைக்குப் பக்கத்தில் நிட்டிங் ஓட்டை (துணி பின்னும்போதே விழுந்தது), தையல் விட்டதற்குப் பக்கத்தில் நூல் அறுந்தது. குறையின் பெயரை லைனில் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். தணிக்கை அறிக்கையில் இருக்கும் ஆங்கிலப் பெயர் மேலாளருக்கு வசதி, மேஜைக்கு அல்ல.

ஃபார்ம்ஸில் ஒரு குறைபாடு உண்டு. எது தவறு என்பது கடைசியில் அனுப்பிய பிறகுதான் தெரியும். உடனே தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு கேள்வியையும் தனிப் பகுதியாக்கி, விடையைப் பொறுத்து அடுத்த பகுதிக்குப் போகும் வசதியை இயக்குங்கள். தவறான விடை கொடுத்தால் விளக்கப் படம் உள்ள பகுதிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பழைய கேள்விக்கே திருப்பி விடாதீர்கள்: அவர் விடையை மாற்றினால் பழைய விடை அழிந்து, பதில்கள் சேரும் ஷீட்டில் எல்லோரும் நூற்றுக்கு நூறு என்று நிற்கும். விளக்கத்துக்குப் பின் அதே குறையின் வேறொரு படத்துக்குப் போக விடுங்கள். முதல் தவறும் பதிவாகும், கற்றாரா என்பதும் தெரியும்.

ஒடியா, இந்தி, வங்காளம் பேசுபவர்கள் லைனில் இருந்தால் எழுத்தைக் குறைத்து, பழைய ஆள் ஒருவரின் குரலில் அந்த மொழியில் விளக்கத்தைப் பதிவு செய்யுங்கள். ஃபார்ம்ஸில் ஒலிக் கோப்பை நேரடியாக வைக்க முடியாது. லிங்க் மட்டும் தெரிந்தவர் பார்க்கும் யூடியூப் வீடியோவாக ஏற்றிச் சேர்க்கலாம்.

அசையும் குறைக்கு வீடியோ

ஊசி ஓட்டை நிலையான படத்தில் சரியாக விழாது. மொட்டையான ஊசியோ, நிட் துணிக்குப் பொருந்தாத கூர் ஊசியோ இழையை வெட்டியிருக்கும். தையலை இழுக்கும்போதுதான் வாய் திறக்கும். இதற்கு எச்5பி என்ற பாடம் தயாரிக்கும் மென்பொருளின் இன்டராக்டிவ் வீடியோ (நடுவில் கேள்வி கேட்கும் வீடியோ) நல்ல கருவி. மூடில் என்ற பாடத் தளத்திலும் வேர்ட்பிரஸ் இணையதளத்திலும் இது இயங்கும்; லூமி என்ற இலவச மென்பொருளில் கணினியிலேயே தயாரிக்கலாம்.

வீடியோ இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். கேமராவைச் செக்கிங் ஆளின் தோளுக்கு மேலே வையுங்கள். எதிரில் நின்று எடுத்தால் இடம் வலம் மாறி, பார்ப்பவர் கை தடுமாறும். தையலை இழுக்கும் நொடியில் வீடியோவை நிறுத்தி "என்ன தெரிகிறது?" என்று ஒரு கேள்வி. விடை தவறினால் ஐந்து நொடி பின்னுக்குப் போகும்படி அமைக்கலாம். முன்னால் தாவ முடியாதபடியும் வைக்கலாம். ஒரு வீடியோவுக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

கஹூட் போன்ற வேகப் போட்டிகள் சிரிப்பும் சத்தமுமாக நன்றாகத்தான் போகும். ஆனால் சாதாரணமாக அதில் சீக்கிரம் அழுத்துபவருக்குத்தான் மதிப்பெண் கூடும். செக்கிங்கில் நமக்கு வேண்டாத பழக்கம் அதுதான்.

எப்போது, எத்தனை முறை

முதல் நாள் காலை மேஜைப் பாடம் இருபது நிமிடம், மாலையில் எட்டுக் கேள்வி. பிறகு 2, 4, 8, 21-ஆம் நாட்களில் பன்னிரண்டு கேள்வி. குறைகள் அவையே, படங்கள் மட்டும் புதிது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். முதல் நாள் மதிப்பெண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

டீ நேரத்தில் வினாத்தாளைத் திணிக்காதீர்கள். ஷிப்ட் தொடங்கியதும் ஏழு நிமிடம் கொடுங்கள். பீஸ் ரேட்டில் (எண்ணிக்கைக் கூலியில்) இருப்பவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இல்லையென்றால் எதையாவது அழுத்திவிட்டு மேஜைக்கு ஓடுவார், அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. உள்ளே போன் கொண்டுவர அனுமதி இல்லாத இடங்களில் மேஜை ஓரத்தில் ஒரு டேப்லெட் போதும். போன் அனுமதி உண்டு என்றால் லிங்க்கை க்யூ.ஆர். ஸ்டிக்கராக அச்சடித்து மேஜையில் ஒட்டுங்கள்.

கலந்து வைக்கும் சோதனை

எட்டாம் நாள் மேஜையிலேயே ஒரு சோதனை வையுங்கள். 30 பீஸ் எடுத்து, அதில் 8-இல் தெரிந்த குறைகள் இருக்கும்படி கலந்து, உள் லேபிளில் சிறிய எண் போட்டு, வழக்கமான வேகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்ணைக் குறியுங்கள்: தவறவிட்ட குறை எத்தனை, நல்ல பீஸைத் தள்ளியது எத்தனை. ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். முப்பதையும் தள்ளியவரும் எட்டுக்கு எட்டுப் பிடித்தவர்தான்.

போனில் நன்றாகச் செய்து மேஜையில் தவறவிடுபவர் இருப்பார். பெரும்பாலும் அவருக்குக் குறை தெரியும், வரிசைதான் தவறுகிறது. அவரை மேஜைப் பாடத்துக்குத் திருப்புங்கள். இன்னொரு காரணமும் உண்டு: அரிதாக வருவதைக் கண் தாண்டிவிடும். வினாத்தாளில் பாதிக்கு மேல் குறை, உண்மை லாட்டில் நூற்றுக்கு ஓரிரண்டுதான். அதனால் பழகிய பிறகும் மாதம் ஒருமுறை, யாருக்கும் சொல்லாமல் ஐந்தாறு குறை பீஸை லாட்டில் கலந்து பாருங்கள். எண்ணி வைத்து, எண்ணித் திரும்ப எடுங்கள். மறந்தால் அது பெட்டிக்குள் போய்விடும்.

பதில் ஷீட்டைப் படிப்பது

எல்லோரும் ஒரு கேள்வியைத் தவறவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது படத்தை. போனில் பெரிதாக்கிப் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். எல்லோரும் சரியாகச் சொன்னால் அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் கடினமானதைப் போடுங்கள். எல்லோரும் ஒரே தவறான விடையில் சேர்ந்து நின்றால் விஷயம் வேறு: லைன் சூப்பர்வைசர் பாஸ் என்கிறார், க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) டேமேஜ் என்கிறார், புது ஆள் அருகில் இருப்பவர் பேச்சைக் கேட்டிருக்கிறார். அந்தப் படத்தை அச்செடுத்து இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள். முடிவான பீஸை, தேதி போட்டு, மேஜைக்கு மேலே தொங்கவிடுங்கள்.

ஸ்டைல் மாறும்போது வினாத்தாளை முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஃபார்மைப் பிரதியெடுத்து, போலோ காலரோ பாக்கெட்டோ சேர்ந்தால் அந்தப் பகுதிக்கு மூன்று நான்கு படம் மாற்றினால் போதும். அதற்கான பீஸ் முதல் நாள் ஆல்டர் கூடையிலேயே கிடைக்கும்.