கே-பாப்புக்கு இன்-இயர் வாங்கறப்ப நான் பண்ண தப்பெல்லாம் நீங்களும் பண்ணாதீங்க

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பொண்ணு சித்தி போன்லேர்ந்து ஒரு போட்டோ அனுப்புனா. டிராயருக்குள்ள புது இன்-இயர், அதாவது காதுக்குள்ள சொருகற இயர்போன், ஒரு பழைய போன்ல மாட்டி, மேல துண்டு சுத்தி வச்சிருக்கு. கீழ "அக்கா பர்ன்-இன் ஓடுது, இன்னும் 80 மணி நேரம்தான்"னு மெசேஜ். பர்ன்-இன்னா, புது இயர்போன்ல நாள்கணக்கா சத்தத்த ஓடவிட்டா சவுண்டு நல்லாயிரும்ங்கற நம்பிக்கை. பாத்ததும் வயித்த பெசஞ்சுது, ஏன்னா இதே டிராயர் வேலைய ஆறு வருஷத்துக்கு முன்னாடி நானும் பண்ணிருக்கேன், அதுல காசும் போச்சு. இவ ஒருத்தி மட்டும் இல்ல, கே-பாப் பைத்தியம் பிடிச்சு கொஞ்ச நாள்ல "இனிமே ஒரு நல்ல இயர்போன் வாங்கிடணும்"னு கிளம்புற முக்காவாசி பேரு நான் விழுந்த குழியிலயே வந்து விழறாங்க.

டூப்ளிகேட் வாங்காதீங்க, போன்ல இயர்போன் சொருகற ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு வயர் வச்சது வாங்குங்க, இதெல்லாம் நான் சொல்ல வரல. அது உங்களுக்கே தெரியும்.

ரெண்டு கோரஸ் கேட்டுட்டு மயங்கி வாங்குறது

இதத்தான் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், இன்னும் ஆறல எனக்கு.

கடையில டெமோ டேபிள்ல அஞ்சு இயர்போன் இருந்துச்சு. அப்ப ரிப்பீட்ல ஓடிட்டிருந்த ஒரு டைட்டில் ட்ராக்க, அதாவது ஆல்பத்தோட முக்கியப் பாட்ட, போட்டேன். நாலு இயர்போன் "ம், பரவால்ல"ங்கற ரகம். அஞ்சாவத மாட்டுனதும் இருட்டு ரூம்ல திடீர்னு லைட்ட போட்ட மாதிரி ஆயிருச்சு, டிரம்ஸ்ல ஹை-ஹாட் தாளம் ஒவ்வொரு தட்டும் தனித்தனியா கேக்குது, கிக் டிரம் விழறப்ப தாடை வரைக்கும் அதிருது, பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கற சத்தம்கூட கேட்டுச்சு. ரெண்டு கோரஸ் கேட்டேன், காச எடுத்துக் குடுத்துட்டேன். மொத்தமே ஏழு நிமிஷம் இருந்தா அதிகம்.

அன்னிக்கு எனக்குப் புரியாதது என்னன்னா, டைட்டில் ட்ராக்ங்கறது முதல் சில செகண்டுலயே ஆள இழுத்துப் போடறதுக்குன்னே செய்யறது. குரல் மேல குரல் அடுக்கி, அதுக்கு மேல சிந்த், அதுக்கும் மேல பளபளன்னு பெர்கஷன், கடைசில மாஸ்டரிங்ல எல்லாத்தையும் அமுக்கி சத்தமா தள்ளிருப்பாங்க. அந்த அஞ்சாவது இயர்போன் வி-ஷேப், அதாவது பேஸும் (அடிச்சத்தம்) ட்ரெபிளும் (கீச்சுன்னு இருக்கற மேல்சத்தம்) தூக்கலா, நடுவுல குரல் வர்ற இடம் பள்ளமா இருக்கற ட்யூனிங். பாட்டே ஏற்கனவே கண்ணு கூசற மாதிரி இருக்கு, இது அதுமேல டார்ச் அடிக்குது. ஏழு நிமிஷத்துக்கு அது சொர்க்கம்தான். இன்னொண்ணு, அந்த அஞ்சாவதுக்கு சென்சிடிவிட்டி ஜாஸ்தி, போன்ல வால்யூம மாத்தாம மாத்தி மாத்தி மாட்டுனதால அது மத்ததவிட சத்தமா கேட்டிருக்கு. கொஞ்சம் சத்தமா கேக்கறதெல்லாம் நல்லா இருக்கற மாதிரியேதான் தெரியும், நம்ம காது அப்படி.

வீட்டுக்கு வந்து மூணாம் நாள்தான் ஒரு ஆல்பத்த முழுசா உக்காந்து கேட்டேன். பி-சைடுல, அதாவது டைட்டில் ட்ராக் இல்லாத மத்த பாட்டுல, ஒரு பாலட், மெதுவா பியானோவும் குரலும்தான். சராங், செசாங், சோரின்னு கொரியன்ல 'ச'வுல ஆரம்பிக்கற வார்த்தை பாட்டுக்குப் பாட்டு வரும், அதுலயும் அழுத்திச் சொல்ற இரட்டை 'ஸ்ஸ' வந்துட்டா கேக்கவே வேணாம், ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி குத்துச்சு. இந்தச் சீறல் 5லேர்ந்து 9 கிலோஹெர்ட்ஸுக்குள்ளதான் பெரும்பாலும் உக்காந்திருக்கும், அந்த இயர்போன் தூக்கி வச்சிருந்ததும் கரெக்டா அதே இடம். சத்தத்தக் கொறச்சா ஸ் போயிரும், கூடவே குரலும் பின்னாடி போயிரும். குரலுக்காக கூட்டுனா ஸ் திரும்ப வந்து குத்தும். அன்னிக்குப் பூரா கட்டவிரல் வால்யூம் பட்டன் மேலயேதான் இருந்துச்சு.

வித்தவங்ககிட்டயே போய்க் கேட்டேன். "அது அப்படித்தான் இருக்கும், 200 மணி நேரம் பர்ன்-இன் குடுங்க, ட்ரெபிள் செட்டில் ஆயிரும்"னு ரொம்ப அனுபவஸ்தர் மாதிரி சொன்னாங்க. நானும் நம்பி பிங்க் நாய்ஸ, அதாவது மழை மாதிரி 'ஸ்ஸ்'னு வர்ற இரைச்சல, ஓடவிட்டு டிராயருக்குள்ள வச்சு, துண்டு சுத்தி, தினமும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு ஒரு பேப்பர்ல கோடு வேற போட்டேன். ரிட்டர்ன் பண்ண பத்து நாள் டைம். 200 மணி நேரம்னா எட்டு நாள் எட்டு மணி நேரம். நான் ஆரம்பிச்சது மூணாம் நாள். கூட்டிப் பாருங்க! மூணாங்கிளாஸ் கணக்கு, எனக்கு அன்னிக்கு வரல. பதினோராம் நாள் டிராயரத் திறந்து மாட்டுனேன், அதே பாலட், அதே ஊசி.

ட்ரைவர, அதாவது இயர்போனுக்குள்ள சத்தம் போடற குட்டி ஸ்பீக்கர, அளந்து பாத்தா பர்ன்-இன்னால வர்ற மாற்றம் இருக்கா இல்லையாங்கற அளவுக்குச் சின்னது. மாறுறது நம்ம மூளை, கேக்கக் கேக்கப் பழகிடும். டிராயருக்குள்ள வச்சா அதுவும் நடக்காது, ஏன்னா டிராயருக்கு காது கிடையாது.

பின்னாடி ஒரு நாள் சைன் ஸ்வீப்ப, அதாவது கீழேர்ந்து மேல வரைக்கும் ஏறிட்டே போற ஒத்தை விசில் சத்தத்த, ரொம்பக் கொறஞ்ச சத்தத்துல மெதுவா ஓடவிட்டு எந்த இடத்துல குத்துதுன்னு தேடுனேன், என் காதுல ஏறக்குறைய ஏழரை கிலோஹெர்ட்ஸ்ல மாட்டுச்சு. ஈக்வலைசர்ல அங்க மட்டும் குறுகலா 4 டெசிபல் வெட்டி, 2.5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல 2 டெசிபல் ஏத்துனதும் குரல் முன்னாடி வந்து நின்னுச்சு. அட, இவ்ளோதானான்னு இருந்துச்சு. ஆனா மனசு விட்டுப்போச்சு, அத அதிகம் தொடல.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி அரை மணி நேரமாவது கேளுங்க. நீங்க தினமும் வைக்கற சத்தத்துலயே கேளுங்க, ஏன்னா சத்தம் கூடக்கூட பேஸும் ட்ரெபிளும் காதுக்கு அதிகமாத் தெரியும். ரெண்டு இயர்போன ஒப்பிடறப்ப குரல் ஒரே சத்தத்துல வர்ற மாதிரி வால்யூம மாத்திக்கோங்க. டைட்டில் ட்ராக் ஒண்ணே ஒண்ணு போதும், மிச்சமெல்லாம் ஒரு பாலட், ஒரு ராப் பாட்டு, ஒரு லைவ் ரெக்கார்டிங்னு இருக்கட்டும். ரெட் வெல்வெட்ங்கற பொண்ணுங்க குரூப் பிடிக்கும்னா வேலை ரொம்ப சுலபம், 2014ல வந்த நாள்லேர்ந்து ரெட்னா துள்ளலான பாப், வெல்வெட்னா மெத்துனு இருக்கற ஆர் அண்ட் பின்னு ரெண்டு முகம் வச்சிருக்காங்க, ரெண்டுலயும் ஒண்ணொண்ணு போட்டுப் பாருங்க, ரெட் நல்லா இருந்து வெல்வெட்ல காது வலிச்சா கீழ வச்சிட்டு வந்துருங்க. ஏஸ்பா குரூப் கேக்கறவங்க இன்னும் ஜாக்கிரதை, அவங்க சவுண்டுக்கு கொரிய ரசிகர்களே "இரும்பு ருசி"ன்னு பேர் வச்சிருக்காங்க, அந்த உலோகச் சத்தத்த ஏற்கனவே ட்ரெபிள் தூக்கலா இருக்கற இயர்போன்ல போட்டா பல்லு கூசும். சந்தேகமா இருந்தா ரிட்டர்ன் டைமுக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க, "பழகிடும்"னு சொல்றவங்ககிட்ட காச வாங்கிட்டு வந்து அப்பறமா பழகுங்க.

பெட்டியில வந்த டிப்ஸ அப்படியே மாட்டுறது

"பேஸே இல்லக்கா"ன்னு சொல்ற பத்துல ஏழு பேருக்கு இயர்போன்ல ஒரு கோளாறும் இருக்காது, டிப், அதாவது காதுக்குள்ள போற ரப்பர் முனை, அதோட சைஸ்தான் தப்பு. காதும் டிப்பும் ஒட்டாம நூல் அளவு இடைவெளி இருந்தாப் போதும், மொதல்ல கழண்டுக்கறது சப்-பேஸ்தான், அதாவது ரொம்ப ஆழமான பேஸ், 808ங்கற டிரம் சத்தம் வெறும் "தட் தட்"னு அட்டைப்பெட்டிய தட்டுன மாதிரி ஆயிரும். பாட்டு ஓடறப்ப ரெண்டு இயர்போனையும் விரலால லேசா உள்ள அமுக்கிப் பாருங்க, பேஸ் குபுக்குன்னு வந்துச்சுன்னா சைஸ் பத்தலன்னு அர்த்தம். ரெண்டு காதும் ஒரே சைஸ்ல இருக்கணும்னு சட்டமும் இல்ல, எனக்கு இடதுக்கு பெருசு, வலதுக்கு மீடியம், இது தெரியவே எனக்கு மூணு இயர்போன் ஆச்சு. ஃபோம் டிப் போட்டா ட்ரெபிள் கொஞ்சம் அடங்கும், லேசா குத்தற இயர்போனுக்கு அது கை மருந்து. காது துவாரம் சின்னதா இருக்கறவங்க டிப் மாட்டற குழாய், அதான் நாசில், எவ்ளோ தடிமன்னு பாக்காம வாங்கிடாதீங்க, 6 மில்லிமீட்டருக்கு மேல போனா ஒரு மணி நேரத்துல காதுக்குள்ள விண்ணுனு தெறிக்கும்.

"கே-பாப்னா பேஸ்"

பாதி உண்மை. நியூஜீன்ஸ் குரூப் 2022ல வந்ததுலேர்ந்து கேக்கறீங்கன்னா தெரியும், அங்க குரல் ரொம்ப மென்மையா வருது, கீழ கிக்கும் சப்-பேஸும் ஓடிக்கிட்டே இருக்கு. இதுக்கு வேணுங்கறது 60 ஹெர்ட்ஸுக்கு கீழ ஆழமா எறங்கற பேஸ். ஆனா "பேஸ் மாடல்"னு விக்கறதுல நிறைய 100லேர்ந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் வீங்கியிருக்கும். அது குரல் மேல வந்து கம்பளி போத்துன மாதிரி உக்காந்துக்கும், குறிப்பா பசங்க குரூப்ல தாழ்ந்த குரல்ல ராப் பண்ற ஆளு காணாமலே போயிருவாரு. செவன்டீன் குரூப்ல 13 பேரு, வோக்கல், ஹிப்-ஹாப், பெர்ஃபார்மன்ஸ்னு மூணு யூனிட்டு, ஒரு வெர்ஸ்ல வரிக்கு வரி ஆள் மாறும். இப்ப யாரு பாடறாங்கன்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியுதான்னு பாருங்க. எல்லாரும் சேந்து பாடற கோரஸ்ல வேணாம், அங்க எந்த இயர்போன்லயும் பிரிக்க முடியாது, அடுக்கி அடுக்கி வச்சிருப்பாங்க. வெர்ஸ்ல குழம்புச்சுன்னா அந்த பேஸ் உங்களுக்கு வேணாம்.

கிராஃப பாத்து மட்டும் முடிவு பண்றது

எந்த ஹெர்ட்ஸ்ல எவ்ளோ சத்தம் வருதுன்னு அளந்து போட்ட கிராஃப் நல்ல விஷயம், நானும் பாக்கறேன். பேஸ் எவ்ளோ, குரல் பகுதி பள்ளமா மேடான்னு ஓரளவு தெரியும். ஆனா நம்ம பிரச்சினையே ஸ்தானே, அந்த ஏரியாவுலதான் கிராஃப் ஏமாத்தும். அளக்கற செயற்கைக் காதுல 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு முகடு தானாவே வரும், இயர்போன எவ்ளோ ஆழமா சொருகறாங்கங்கறத பொறுத்து அது நகரும். உங்க காதுல அது வேற எங்கயாவது இருக்கும். இப்படி இருந்தா நிறைய பேருக்குப் பிடிக்கும்னு வரைஞ்சு வச்ச ஹார்மன் கோட்டோட ஒட்டிப் போகுதுன்னு வாங்கிட்டு "ஏன் குத்துது"ன்னு கேக்காதீங்க.

எத்தனை ட்ரைவர்?

ஒண்ணு போதும். எண்ணி வாங்க இது முறுக்கு பாக்கெட் இல்ல.

பயாஸ் காதுல மாட்டிருக்கறத தேடி வாங்குறது

பயாஸ்னா குரூப்ல நமக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு. ஆசை புரியுது, ரசிகர்கள் எடுக்கற ஃபேன்கேம் வீடியோல அந்தக் கல்லு பதிச்ச இன்-இயர் மினுங்கறப்ப எனக்கும்தான் ஆசையா இருக்கும். ஆனா அது அவங்க காத அச்சு எடுத்து அந்த ஒரு காதுக்குன்னே செஞ்சது. அதுல ஓடறது நம்ம கேக்கற பாட்டும் இல்ல, தாளம் காட்டற க்ளிக் சத்தம், பேக்கிங் ட்ராக், தன்னோட சொந்தக் குரல், இதத்தான் தூக்கலா விடுவாங்க, ஆடிக்கிட்டே சுருதியும் தாளமும் விடாம இருக்கறதுக்கு. நடுவுல ஒரு காத கழட்டிட்டு சிரிக்கறாங்களே, அது ரசிகர்கள் சேந்து போடற கோஷத்த, அதான் ஃபேன்சான்ட், கேக்கறதுக்கு. அதே மாடலோட எல்லாருக்கும் பொதுவா செய்யற யுனிவர்சல் வெர்ஷன் நம்ம காதுல எப்படி இருக்கும்ங்கறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

கோடெக் பைத்தியம்

கோடெக்னா ப்ளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்பற முறை. அதுல ஒண்ணான எல்டிஏசி 990 கேபிபிஎஸ் வரைக்கும் போகும்னு சொல்லி ப்ளூடூத் இயர்போன் வாங்கிட்டு அத ஐபோன்ல கனெக்ட் பண்றவங்கள பாத்திருக்கேன். ஐபோன்ல எல்டிஏசி கிடையாது, ஏஏசிதான். அந்தக் காச ட்யூனிங் நல்லா இருக்கற இயர்போன்ல போட்டிருக்கலாம். ரிதம் கேம் ஆடறவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, ப்ளூடூத்ல சத்தம் கொஞ்சம் தாமதமா வரும், வீடியோ ஆப் அத சரிக்கட்டிடும், கேம் பெரும்பாலும் சரிக்கட்டாது, வயர்லயே ஆடுங்க, காம்போ உடையறதுக்கு உங்க விரல திட்டாதீங்க.

சத்தம்

இந்தப் பாட்டெல்லாம் ஏற்கனவே சத்தமாத்தான் மாஸ்டர் ஆகி வருது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளன்னு கொறையும். கம்பேக் வாரத்துல, அதாவது புதுப் பாட்டு வர்ற வாரத்துல, எண்ணிக்கைய ஏத்த ஸ்ட்ரீமிங் பார்ட்டி போட்டு விடாம ஓட்டறவங்க ராத்திரி தூங்கறப்ப சத்தத்த சின்னதா வச்சிட்டு இயர்போன கழட்டிருங்க.

கேபிள் மாத்துனா சவுண்டு மாறுமா

அறுந்துபோச்சுன்னா மாத்துங்க. இயர்போன்ல கேபிள் சொருகற முனை 2-பின்னா எம்எம்சிஎக்ஸான்னு பாத்து வாங்குங்க.

சித்தி பொண்ணுக்கு காலைலயே இதெல்லாம் வாய்ஸ் நோட்டா அனுப்பிட்டேன், ஒன்பது நிமிஷம். டிராயரத் திற, துண்ட எடு, ஒரு பாலட் போட்டு அரை மணி நேரம் கேளு, குத்துச்சுன்னா இன்னிக்கே ரிட்டர்ன் போடுன்னு. அவளுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. ரெண்டு டிக் விழுந்திருக்கு, நீலம் ஆகல. போன் பண்ணா எடுக்கல, அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, டிராயருக்குள்ள பிங்க் நாய்ஸ் ஓடிட்டிருக்கறது அந்த பழைய போன், வாட்ஸ்அப்பும் அதுலதான் வச்சிருக்கா.