ஓவியம் கலங்கித் தெரிந்தால் நிறத்தை எடுத்துப் பாருங்கள்

டிஜிட்டலில் மனித உருவம் வரையும்போது, எல்லா லேயருக்கும் (படத்தின் அடுக்குகளுக்கும்) மேலே ஒரு லேயர் போட்டு முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழே உள்ள லேயர்களோடு அது கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்றினால் படம் சாம்பல் நிறமாகிவிடும். அப்படியே கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்று உடனே தெரியவில்லையா? வெளிச்சம், நிழல் கணக்கில்தான் கோளாறு. லேயரை அணைத்துவிட்டு, ஆளையோ பின்னணியையோ ஒரு படி இருட்டாக்குங்கள்.

நிறம் கண்ணை ஏமாற்றும். மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளுக்கும் 2018-இல் பல வண்ணம் பூசிவிட்டார்கள். அதன்முன் மஞ்சள் வேட்டி கட்டிய காவடிக்காரரை வரைந்தால், வண்ணத்தில் எடுப்பாகத் தெரிவார். சாம்பலில் பார்த்தால் வேட்டியும் வெளிர் நிறப் படியும் ஒன்றாகக் கரைந்திருக்கும்.

போட்டோஷாப்பில் இதற்கு, நிறத்தை நீக்கும் 'டீசாச்சுரேட்' கட்டளையை நம்பாதீர்கள். அது சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் ஒரே சாம்பலாகக் காட்டும். கண்ணுக்கோ மஞ்சள் எவ்வளவோ வெளிச்சம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவியச் செயலியிலும் 'கலர்' மோட் உண்டு, காசு செலவில்லை.

கோட்டை வைத்தே உருவத்தைப் பிரிக்கும் தட்டையான படங்களுக்கு இது தேவையில்லை. அப்புறம், ஒரே அளவு வெளிச்சத்தில் இரண்டு நிறங்களை வேண்டுமென்றே மோதவிட்டு வரைகிறீர்கள் என்றால், சாம்பலில் அவை கலந்துதான் போகும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.