வீடு திருத்திய கழிவை எங்கே போடுவது? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குளியலறை ஓடுகளையோ பழைய குசினி அலுமாரியையோ உடைத்தால் வாசல் தொட்டியில் போடாதீர்கள். கல் கிடக்கும் தொட்டியைக் குப்பை வண்டிக்காரர் எடுக்காமலே போய்விடுவார்கள். கொண்டுபோக வேண்டிய இடம் கவுன்சிலின் 'டிப்', அதாவது வீட்டுக் கழிவை நாமே கொண்டுபோய்க் கொடுக்கும் நிலையம்.

முதலில் கவுன்சில் இணையதளத்தைப் பாருங்கள். பல இடங்களில் நேரம் பதிய வேண்டும். வாகன இலக்கமும் முகவரிக்கு அத்தாட்சியும் கேட்பார்கள். வான் வண்டியில் போவதென்றால் தனி அனுமதி தேவைப்படலாம்.

2023 டிசம்பர் 31 முதல், உங்கள் வீட்டில் நீங்களே செய்த வேலையின் கழிவுக்குக் கட்டணம் இல்லை. அளவு: ஒரு தடவைக்கு 50 லீற்றர் பை இரண்டு, நான்கு வாரத்துக்குள் நான்கு தடவை. கறுப்புக் குப்பைப் பை கல்லுக்குத் தாங்காது. கல், இடிபாடு போடும் தடித்த 'ரபிள்' பை வாங்குங்கள். நிரப்பிய பையை ஒருவர் தூக்க முடியாது, ஆகவே துணைக்கு ஆள் வேண்டும்.

கூலி கொடுத்துச் செய்வித்த வேலைக்கு இந்தச் சலுகை இல்லை. தெரிந்த தமிழ் மேசனாக இருந்தாலும், கழிவை அவரே அகற்றுவார் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புத்தான்.

பிளாஸ்டர்போர்ட்டை (உட்சுவருக்கும் சீலிங்குக்கும் அடிக்கும் பலகை) கல்லோடு கலக்காதீர்கள். அதிலுள்ள ஜிப்சம், நிலத்தில் புதைந்து அழுகும் குப்பையோடு சேர்ந்தால் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு உண்டாகும். சோபாவையும் கிழிக்காமல் முழுசாகக் கொண்டுபோங்கள். பலவற்றில் தீத்தடுப்பு இரசாயனம் இருப்பதால் தனியே எரிக்கிறார்கள். பற்றரியை எந்தப் பையிலும் போட வேண்டாம்: நசுங்கினால் வண்டியே தீப்பிடிக்கும்.

மிகக் கவனம் வேண்டியது அஸ்பெஸ்டஸ். ஊரில் அந்தச் சீற்றை வெட்டிப் பழகியவர்கள் இங்கேயும் பயமில்லாமல் கை வைத்துவிடுகிறார்கள். 2000க்கு முன் கட்டிய வீடென்றால் கராஜ் கூரை, சொரசொரப்பான சீலிங் பூச்சு, பழைய தரை ஓடு எல்லாம் சந்தேகத்துக்குரியவை. உடைக்காதீர்கள், துளைக்காதீர்கள், தூசு நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரலாம். முதலில் கவுன்சிலுக்கு அழைத்துக் கேளுங்கள்.

'வானில் ஏற்றிப் போகிறேன், காசு தாங்கோ' என்று வருபவரிடம் கழிவு ஏற்றிச் செல்பவருக்குரிய பதிவு இலக்கம் ('waste carrier') கேட்டு, சுற்றாடல் முகமையின் (Environment Agency) இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். அவர் தெருவோரம் கொட்டி, அதில் உங்கள் பெயருள்ள கடிதம் அகப்பட்டால், சரிபாராமல் கொடுத்ததற்கு உங்களுக்கு 600 பவுண் வரை தண்டம் வரலாம். ரசீதையும் வான் இலக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.