மனதை அமைதிப்படுத்தப் போய் நாம் செய்யும் தவறுகள்

மனம் சமநிலையில் இருப்பதென்றால் எதுவுமே உறைக்காமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கோபம் வந்துவிட்டால், அழுகை முட்டிக்கொண்டு வந்தால், ‘இன்னும் நான் பக்குவப்படவில்லை’ என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. வந்த உணர்ச்சியோடு மல்லுக்கட்டாமல் இருந்தாலே பாதி பாரம் குறைந்துவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

‘அதை நினைக்காதே’ என்று மனதுக்குக் கட்டளை போடுவதையே பாருங்கள். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம், 5 நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, மீறி நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நினைக்கிறோமா இல்லையா என்று சரிபார்க்கவே மனம் அதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, பாவம்.

விரட்டுவதற்குப் பதில் அதற்கொரு பெயர் வையுங்கள். ‘மனசு சரியில்லை’ என்பது போதாது. அவமானமா, பயமா, பொறாமையா, வெறும் களைப்பா? உணர்ச்சியைச் சொல்லில் வைக்கும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் தணிவதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேனில் காட்டியது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் போய்விடும் என்பது. 2002இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் நடத்திய சோதனையில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். நெருங்கியவரிடம் மனம்விட்டுப் பேசுவது நல்லதுதான். ஆனால் அதே குறையைப் பத்தாவது தடவை சொல்லும்போது பாரம் இறங்குவதில்லை, புண்ணைக் கிளறுகிறோம்.

சரி, மூச்சுப் பயிற்சிக்கு வருவோம். பதற்றத்தில் ஆழமாக, வேகவேகமாக இழுத்துவிடுகிறார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைசுற்றும், பதற்றமும் கூடும். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு மெல்லக் குறைகிறது. அதனால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை நிதானமாக விடுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு வரும். அவர்கள் அதை விட்டுவிட்டு, பாதம் தரையில் பதிந்திருப்பதையோ சுற்றியுள்ள ஓசைகளையோ கவனிக்கலாம்.

எதுவானாலும் மனம் கலங்கிய பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்துவிட்டு ‘எனக்கு இது சரிப்படாது’ என்று விடாதீர்கள். நன்றாக இருக்கும் நாள்களில் தினமும் 5 நிமிடம் பழகுங்கள். அப்புறம், தூக்கம் கெட்டிருந்தால் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். அந்த நேரத்தில் பெரிய முடிவு வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் தனியாகவே சமாளிக்க நினைப்பது. சோர்வும் ஆர்வமின்மையும் 2 வாரத்துக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல், அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.