555 நோட்டை வைத்து 12 வீட்டுக்குச் சாமான் வாங்குவது எப்படி?

மலேசியாவில் 2020-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, வீட்டுக்கு ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள் என்றார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கார் உள்ள வீடு மூன்றுதான். பெஸ்தாரி ஜெயா கடைத்தெருவுக்கு (அப்பாவுக்கு அது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான்) வெயிலில் நடந்து போக வயதானவர்களால் முடியாது. அதனால் 12 வீட்டுக்கும் சேர்த்து நானே வாங்கி வந்தேன். 2021 ஜூனில் மறுபடியும் முழு அடைப்பு வந்தது. முதல் அடைப்பில் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், உங்கள் தோட்டத்துக்கும் உதவலாம்.

படி 1: வீட்டுக்கு ஒரு 555 நோட்டு வாங்குங்கள். கடைக்கடன் எழுதுவார்களே, அதே குட்டி நோட்டுதான். அட்டையில் வீட்டு எண்ணை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். அவர்கள் வேண்டியதை அதில் எழுதி, பணத்தை உள்ளே வைத்து, கேட்டில் தொங்கவிடட்டும். நான் முதலில் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் கேட்டேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே யாருக்கு வெங்காயம், யாருக்கு ரொட்டி என்று தேடியே பாதி நாள் போனது. கூகுள் ஷீட்டும் வேண்டாம், எங்கள் ஆயாவுக்கு அது எதற்கு?

படி 2: அளவு. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். 'எண்ணெய் 1' என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நான் 5 கிலோ போத்தலை வாங்கி வந்தேன். அவர் நினைத்ததோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்குக் கிடைத்த ஒரு கிலோ பாக்கெட். நோட்டுக்குள் வைத்திருந்தது ஒரே ஒரு ஐந்து வெள்ளி. அவர் முகம் போன போக்கைப் பார்த்து மீதியை நானே போட்டுக்கொண்டேன். 'பால் டின்' என்றால் கெட்டிப் பாலா, பால் மாவா? 'மாவு' என்றால் எந்த மாவு? ஆகவே முதல் பக்கத்தில் நீங்களே பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: அரிசி 5 கிலோ, அரிசி 10 கிலோ, எண்ணெய் பாக்கெட், எண்ணெய் போத்தல். அவர்கள் கோடு போட்டால் போதும். எழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும், அதை ஒரே ஆள் கேட்டு எழுத வேண்டும். இரண்டு பேர் எழுதினால் சீனி இரண்டு தடவை வரும்.

பாக்கெட் எண்ணெய் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடை திறக்கும்போதே போய் நில்லுங்கள்.

படி 3: எல்லா வீட்டுக்கும் ஒரே நிறப் பை. கேட்டில் மாட்டிவிட்டு இரண்டு தடவை ஹார்ன் அடித்தால் போதும், உள்ளே போக வேண்டாம்.

பின்குறிப்பு (2021 ஜூலை): பணமே இல்லாதவர்கள், உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக, வீட்டு முன் வெள்ளைக் கொடி கட்டலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். கட்டலாம், நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் லயத்தில் ஓர் அம்மா, "கொடி ஏத்துனா நாளைக்கு எம்பொண்ண யாரு கேட்டு வருவா?" என்றார். அதனால் பணம் வைக்க முடியாதவர்கள் பக்கத்தின் மூலையை மடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முடிந்தவர்கள் நோட்டில் கூடுதலாக வைத்த காசிலிருந்து அவர்கள் சாமானுக்குப் பணம் கொடுத்தோம். யார் மடித்தார் என்பது எனக்கும் கடைக்கார அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். பை எல்லோருக்கும் ஒரே நிறம் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

இன்னொன்று, நோட்டைக் கேட்டில் தொங்கவிடும்போது ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். மழையில் நான்கு நோட்டு ஊறிப்போன பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது.