நெடுவில்லின் நுனியில் செய்யக் கூடாத தவறுகள்

மரத்தில் நெடுவில் செய்யத் தொடங்குபவர்களுக்கு அதிக பயம் நுனியைப் பற்றித்தான். நாண் மாட்டும் இடம், பார்க்க ஒல்லியாக இருக்கிறது, உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று அங்கே மரத்தைத் தாராளமாக விட்டுவைப்பார்கள். அதன்மேல் ஒரு கொம்புத் துண்டை ஒட்டுவார்கள், அப்புறம் நூலும் சுற்றுவார்கள். வில் உடையாது, சரி. ஆனால் அம்பு மந்தமாகப் போகும், ஒவ்வொரு முறை எய்யும்போதும் கைப்பிடி கையை உதறும். இத்தனை செய்தும் சில விற்கள் நுனியிலேயே பிளந்துகொள்ளும். நுனியின் வலு அதன் பருமனில் இருந்து வருவதில்லை. நாண் உட்காரும் வெட்டான காடி எங்கே விழுகிறது, மரத்தின் நார் எங்கே அறுபடுகிறது, ஒட்டிய துண்டு எங்கே முடிகிறது என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கனம். வில்லை இழுத்துப் பிடிக்கும்போது லிம்பை (கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதியை) வளைக்கும் விசை கைப்பிடியை ஒட்டித்தான் மிக அதிகம். நுனியை நோக்கிப் போகப் போக அது குறைந்து, நாண் தொடும் புள்ளியில் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. எனவே வளைவைத் தாங்குவதற்கென்று நுனியில் நிறைய மரம் தேவையில்லை. நாணை விட்டதும் நிலைமை தலைகீழாகிறது. லிம்பிலேயே மிக வேகமாக ஓடுவது நுனிதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப கூடுகிறது என்பதால், நுனியில் கூடுதலாக இருக்கும் 5 கிராம், அதில் பாதி வேகத்தில் நகரும் இடத்தில் இருக்கும் 5 கிராமைப் போல நான்கு மடங்கு ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. அம்புக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு அங்கேயே தங்கி, கடைசியில் அதிர்வாக நம் மணிக்கட்டுக்கு வருகிறது. சுத்தியலின் தலையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை வீசுவதற்கும், கைப்பிடியைப் பிடித்துத் தலையை வீசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கல் கருவிகளோடு வேலை செய்தவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. டென்மார்க்கில் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழையவை. அவற்றின் லிம்ப் நடுவில் அகலமாக இருக்கிறது. நுனியை நோக்கி நன்றாகக் குறுகிப் போகிறது.

அடர்த்தியான மரத்தில் காடிக்குப் பக்கத்தில் 10 முதல் 13 மி.மீ. அகலம் போதும். 20 மி.மீ. அகலத்தில் விட்டுவைத்த நுனியை இந்த அளவுக்குக் கொண்டுவந்தாலே, வேறு எதையும் தொடாமல், வில் எய்வதற்கு இதமாகிவிடும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு முதல் நாளே நுனியைச் செதுக்கி ஒல்லியாக்குவது அடுத்த தவறு. வில் முழு இழுப்புக்கு வளைந்து பழகும் முன் நாண் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்ல முடியாது. மரம் கொஞ்சம் திருகியிருக்கலாம், லிம்பின் ஒரு ஓரம் மற்றதைவிட மெலிந்திருக்கலாம். நாண் கைப்பிடியின் நடுக்கோட்டில் விழாமல் 3, 4 மி.மீ. விலகி நின்றால், அது சாய்ந்திருக்கும் பக்கத்தில் நுனியின் மரத்தை எடுத்துச் சரிசெய்யலாம். அதற்கு அங்கே மரம் மிச்சம் இருக்க வேண்டும். வில்லின் வளைவைச் சீராக்கும் வேலை பெரும்பாலும் முடியும்வரை நுனி 18 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கடைசி மெலிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நுனியை ஒல்லியாக்கு என்றால் சிலர் தடிமனையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். அகலமும் தடிமனும் ஒன்றாகக் குறைந்தால் லிம்பின் கடைசிப் பகுதி சாட்டை மாதிரி வளைந்துகொண்டு, உள்பகுதி சும்மா நிற்கும். தட்டையான லிம்ப் கொண்ட வில்லில் கடைசி 15 முதல் 20 செ.மீ. விறைப்பாக இருப்பது நல்லது. அதற்கு அகலத்தைக் குறைத்து, தடிமனை விட்டுவைக்க வேண்டும், 10 மி.மீ. அகலம் என்றால் தடிமன் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். ஆங்கிலேய நெடுவில் முழு நீளத்துக்கும் வளைவதுதான் என்றாலும், அதிலும் வளைவு நுனியில் போய்க் குவியக் கூடாது.

காடி வெட்டும் இடம்

நுனி உடைந்த வில்லைக் கையில் எடுத்தால் முதலில் காடியைத்தான் பார்ப்பேன். அங்கேதான் பெரும்பாலும் காரணம் கிடைக்கும்.

வில்லின் முதுகு, அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறம் இருக்கும் முகம், இழுவையில் இருக்கிறது. அங்கே நார்கள் அறுபடாமல் நுனிவரை ஓட வேண்டும். வெறும் மரத்தில் முதுகுக்குக் குறுக்கே அரத்தை ஓட்டிக் காடி எடுப்பது, அந்த நார்களை நாமே அறுத்துவிடுவதுதான். மேலே எதுவும் ஒட்டாத வில்லில் காடி இரண்டு பக்கவாட்டிலும் மட்டும் இருக்க வேண்டும். நாணின் கண்ணி, அதாவது அதன் முனையில் உள்ள வளையம், முதுகின் மேல் வெட்டுப்படாத மரத்தின்மீது படிந்து கிடக்கும். அது நழுவாமல் இருக்கப் பக்கக் காடிகளே போதும்.

காடியை நேர்க்குறுக்காக வெட்டுவதும் தவறு. நாண் நுனியில் இருந்து வயிற்றுப் பக்கமாக, அதாவது எய்பவரைப் பார்த்த முகத்தின் பக்கமாக, கைப்பிடியை நோக்கி இறங்குகிறது. ஆகவே காடியும் முதுகுப் பக்கத்தில் நுனிக்கு அருகே தொடங்கி, வயிற்றுப் பக்கத்தில் கைப்பிடியை நோக்கி ஏறத்தாழ 45 பாகை சரிவில் இறங்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் கண்ணி காடியின் ஒரு விளிம்பில் மட்டும் தொங்கும். மொத்த விசையும் அந்தச் சின்ன விளிம்பில் இறங்கும். அம்பு நாணைவிட்டுப் போகும் கணத்தில் நாண் திடீரென விறைத்து நிற்கிறது அல்லவா, அப்போது நாணில் ஏறும் விசை வில்லை இழுக்கும் விசையைப் போலப் பல மடங்கு.

ஆழம் ஏறத்தாழ 3 மி.மீ. இருந்தால் போதும். V வடிவில் கூரான அடி வேண்டாம், பிளவு தொடங்குவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. வட்ட அரத்தால் அடியை உருண்டையாக எடுத்து, உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே தேய்த்து வழவழப்பாக்குங்கள். நாண் காடியின் அடியில் தளர்வாகவும் இல்லாமல் இறுகியும் போகாமல் உட்கார வேண்டும். விளிம்புகளையும் மழுக்கிவிடுங்கள், கூரான விளிம்பு கண்ணியின் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

காடிக்கு மேலே எவ்வளவு மரம் விடுவது? எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் சிலர் 5 மி.மீ. மட்டும் விட்டு அறுத்துவிடுகிறார்கள். காடிக்கும் முனைக்கும் நடுவே இருக்கும் அந்தத் துண்டைத்தான் நாண் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீளம் போதாவிட்டால் அது நார்வாட்டத்தில் சீவிக்கொண்டு வந்துவிடும். 12 முதல் 18 மி.மீ. இருக்கட்டும். அதற்கு மேல் நீளமாக விடும் அலங்கார நுனி அழகுதான், ஆனால் அந்த எடை மிக வேகமாக நகரும் இடத்தில் உட்காருகிறது.

மேலொட்டு எதற்கு

ஓவர்லே என்று சொல்லப்படும் மேலொட்டு, நுனியின் முதுகில் ஒட்டும் கொம்பு, எலும்பு, கடினமரம் அல்லது ஃபீனாலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் துண்டு. லிம்ப் வளைந்து உடையாமல் காப்பது இதன் வேலை என்று நினைப்பவர்கள் நீளமாக, தடிமனாக ஒட்டுகிறார்கள். உண்மையில் இதற்கு இரண்டு வேலைகள்தான்: நாண் மென்மையான மரத்தில் பதிந்து பிளக்காமல் தடுப்பது, முதுகின் நார்களைத் தொடாமலே குறுக்கே காடி எடுக்க இடம் தருவது. இரண்டுக்கும் 4, 5 மி.மீ. தடிமனுள்ள சிறு துண்டு போதும். குறுக்குக் காடியின் அடி மேலொட்டுக்குள்ளேயே நிற்கிறதா, கீழே மரத்தைத் தொட்டுவிட்டதா என்று பார்த்துப் பார்த்து அரத்தை ஓட்டுங்கள். தொட்டுவிட்டால் ஒட்டிய பலன் பாதி போய்விடும்.

மேலொட்டு கைப்பிடிப் பக்கமாக முடியும் இடத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சதுரமாக வெட்டிய விளிம்போடு நின்றால், விறைப்பான பகுதி திடீரென முடிந்து வளையும் பகுதி தொடங்குகிறது. அழுத்தம் அந்தக் கோட்டில் குவியும். ஒட்டு முதலில் அங்கேதான் விலகும், சில சமயம் மரத்தின் முதுகிலும் ஒரு சிம்பைத் தூக்கிக்கொண்டு வரும். கடைசி 2, 3 செ.மீ. தாள் அளவுக்கு மெலிந்து முதுகோடு கரைய வேண்டும், அதுவும் வளையாத பகுதிக்குள்ளேயே முடிய வேண்டும்.

ஒட்டும் வேலையைப் பற்றி. கொம்பில் கொழுப்பு இருக்கும், எண்ணெய் நிறைந்த கடினமரங்களிலும் அப்படித்தான். சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, காய்ந்த பிறகுதான் எபாக்சி பசை. ஒட்டும் முகங்கள் இரண்டும் வெளிச்சம் புகாத அளவுக்குச் சமதளமாகப் பொருந்த வேண்டும். கிளாம்பை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். எபாக்சி முழுவதும் பிதுங்கி வெளியேறி நடுவே பசை இல்லாமல் போய்விடும். மான்கொம்பு என்றால் வெளிப்புறத்தின் கடினமான அடுக்கை மட்டும் எடுங்கள், உள்ளே இருப்பது பஞ்சு போன்றது, நாண் அதில் பதியும். மரத்துண்டு என்றால் நாரோட்டம் லிம்பின் நீளவாட்டத்தில் இருக்க வேண்டும்.

காடிக்குக் கீழே பட்டு நூலோ லினன் நூலோ பசையில் நனைத்து ஒரு சென்டிமீட்டர் சுற்றுவது எனக்குப் பிடித்த வழி. எடை ஒன்றுமே இல்லை, நீளவாட்டப் பிளவு தொடங்கினாலும் கீழே ஓடாது. முடிச்சோ நெளிந்த நாரோ இருக்கும் நுனியில் இதைத் தவறவிடாதீர்கள்.

கொம்பு முனை

ஆங்கிலேய நெடுவில்லின் அடையாளம் நுனியில் செருகிய கொம்பு முனை. 1545-ல் மூழ்கி 1982-ல் கடலில் இருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட யூ மர விற்களில் கொம்பு கிட்டத்தட்ட எல்லாம் அழிந்துவிட்டது. ஆனால் அது மூடியிருந்த நுனிப்பகுதி நிறம் வேறாகத் தெரிகிறது. இழுவிசை அதிகமான வில்லின் நாண் வெறும் யூ மரத்தில் இறங்கினால் தாங்காது. அங்கே கொம்பு அவசியம்.

தவறு பெரும்பாலும் பொருத்துவதில்தான். மரத்தின் நுனியைக் கூம்பாக்கும்போது கொம்பின் விளிம்பு வந்து உட்காரப் படி மாதிரி ஒரு வெட்டை எடுக்கிறார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் முதுகின் நார்கள் அந்தப் படியில் அறுந்துபோகும். கூம்பு படியில்லாமல் சீராக மெலிய வேண்டும். கொம்பின் விளிம்பைத்தான் மெலித்து மரத்தோடு சேர்க்க வேண்டும். துளையும் கூம்பும் முழுக்கத் தொட வேண்டும். மரத்தில் கரியைத் தடவிச் செருகிப் பார்த்தால் தொடும் இடங்கள் துளைக்குள் தெரியும். முனையில் மட்டும் முட்டிக்கொண்டு ஓரத்தில் இடைவெளி இருந்தால், முதல் சில அம்புகளிலேயே கொம்பு ஆப்பு அடித்தது போல விரிந்து வெடிக்கும். எருமைக்கொம்பில் நல்ல கெட்டிப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, காடிக்கு அடியிலும் போதிய தடிமன் நிற்கும்படி துளையிடுங்கள்.

எந்த நாண்

டாக்ரான் போன்ற பாலியெஸ்டர் நாண் கொஞ்சம் நீண்டுகொடுக்கும், முடிவில் வரும் அடியை ஓரளவு உள்வாங்கும். டைனீமா வகை இழைகள் ஏறத்தாழ நீளுவதே இல்லை. அம்பு வேகம் கூடும், அந்த அடி முழுவதும் நுனியில் இறங்கும். மேலொட்டு இல்லாத பழைய வில்லில் டைனீமா நாணை மாட்டக் கூடாது. நுனியை வலுப்படுத்திவிட்டால் எந்த நாணும் போடலாம் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. கைப்பிடியின் ஒட்டுகளும் அடுக்குகளும் அதே அடியை வாங்குகின்றன, அவை பழையவையாக இருந்தால் டாக்ரானோடு நிறுத்திக்கொள்வதே மேல். டைனீமா போடுவதென்றால் கண்ணிப் பகுதியில் கூடுதல் இழைகள் சேர்த்துத் தடிமனாக்குங்கள். ஒல்லியான கண்ணி கத்தி மாதிரி இறங்கும். மிக இலேசான அம்பும், அம்பில்லாமல் நாணை விடுவதும் இதே காரணத்தால்தான் நுனியைக் கொல்கின்றன.

நாணேற்றும்போது காலை வில்லுக்குள் நுழைத்துத் தொடையால் வளைக்கும் முறை நுனியைத் திருகிவிடும். இரண்டு நுனிகளையும் சமமாக இழுக்கும் நாணேற்றும் கயிறு சிறு செலவுதான். ஏற்றியதும், இழுத்துப் பார்க்கும் முன், இரண்டு கண்ணியும் காடியின் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கீழ் நுனியை ஈரத் தரையில் ஊன்றி நிற்காதீர்கள். அதன் முனை மரம் ஈரத்தைக் குடித்தால் மேலொட்டின் பசை முதலில் விடும்.

நுனியில் விரிசல் தெரிந்தால் அதன் திசையைப் பாருங்கள். நீளவாட்டத்தில் முடி அளவு கீறல் என்றால் நீர்த்த சூப்பர் குளூவை உறிஞ்சவிட்டு, மேலே நூல் சுற்றித் தொடரலாம். காடியின் அடியில் முதுகுக்குக் குறுக்கே கீறல் என்றால் அந்த வில்லை உடனே இறக்கி வையுங்கள். பசையாலோ மேலொட்டாலோ அதைச் சரிசெய்ய முடியாது. கீழே நல்ல மரத்தில் புதுக் காடி எடுத்து, பழைய நுனியை அறுத்துவிடுவதுதான் வழி. வில் குட்டையாவதால் இழுவிசை கூடும், லிம்பும் அதிகமாக வளைய வேண்டியிருக்கும். ஆகவே மறுபடி மரத்தைச் சீவி வளைவைச் சரிபார்த்த பிறகே முழு இழுப்புக்குப் போங்கள்.